குழாய்ப் பக்கத்திலிருந்து

அந்த மாதக் கடைசியோடு சித்தியின் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. ஒன்பது வருடமாகத் தண்ணீர் வழங்கல் அலுவலகத்தில் தோட்ட வேலை பார்க்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை மேனேஜர் கையெழுத்துப் போடுவார், சித்தி இன்னொரு வருடம் இருப்பார். இந்தத் தடவை மேனேஜர் பேனாவை எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அலுவலக முகப்பில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு ரோஜாச் செடிகளைக் காட்டினாராம்.

“இது ரோஜாவா, விறகா?”

சித்தி செடிகளைத் திரும்பிப் பார்த்தாராம்.

“மூணாவது புதன்கிழமை வாரியத் தலைவர் வர்றார். வண்டியை விட்டு இறங்கினதும் அவர் கண்ணுல படறது இதுதான். தண்ணி ஆபீஸ்லயே செடி இப்படி நிக்குதுன்னா ஊர் சிரிக்காதா? அதுக்குள்ள இலை வரலேன்னா மொத்தத்தையும் பிடுங்கிட்டுக் கல்லு பதிச்சிடலாம். கல்லுக்குத் தோட்டக்காரி தேவையில்ல.”

சித்தி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இதையெல்லாம் மேனேஜரின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். கடைசி வரிக்கு மட்டும் அந்தக் குரல் வரவில்லை.

நான் சித்தியோடுதான் இருக்கிறேன். இரண்டு அறை வீடு. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் அளவெடுத்துச் சீட்டில் எழுதி, லென்ஸ் அறுக்கிறவரிடம் அனுப்புவேன். செவ்வாயும் வியாழனும் கடை முடிந்ததும் தொழிற்பள்ளியில் தோட்டக்கலை மாலை வகுப்பு. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இது எனக்கு வருமா என்ற சந்தேகத்துக்கும் நான்கு மாதம் ஆகிறது. என் ஞாபகத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது, அதனால் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். சித்தி எனக்கு வைத்த பெயர் நோட்டு.

“ஏண்டி நோட்டு, உங்க வகுப்புல இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லித் தரலையா?”

“இலை குறைஞ்சா கேக்க வேண்டிய ஏழு கேள்வின்னு ஒரு தாள் குடுத்திருக்காங்க சித்தி.”

“கேள்வி எங்கிட்டயும் நிறைய இருக்கு. பதில் குடுத்தாங்களா?”

பதில் செடியிடம்தான் இருக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதைச் சித்தியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அன்று சித்திக்கு முட்டி வலி அதிகம். வீட்டிலேயே இருந்துவிட்டார். தனியாகப் போனேன். பிறகு நடந்ததற்கெல்லாம் இதுவும் ஒரு காரணம். ஆனால் முட்டி வலியின் மேல் பழி போடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் ஒருவர்தான் இருப்பார். குழாய் ரிப்பேர் பார்க்கிற பிட்டர். எல்லோரும் அவரை ரெஞ்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டைத் திறந்துவிட்டவர், என் கையில் இருந்த நோட்டையும் அளவு நாடாவையும் பார்த்தார்.

“என்ன நோட்டு, செடிக்கு அளவெடுத்துக் கண்ணாடி மாட்டப் போறியா?”

“முதல்ல என்ன பவர்னு பாக்கணும் அண்ணா.”

“பாரு, பாரு. கிட்டப் பார்வையா தூரப் பார்வையான்னு அதுங்ககிட்டயே கேட்டுக்க.”

கேட்டுக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம் மதிலை ஒட்டிப் பாத்தி ஆரம்பிக்கிறது. முப்பது தப்படி நீளம். அந்தக் கடைசியில் ஒரு குழாய், அதன் பின்னால் மோட்டார் அறை. நான் கேட்டிலிருந்து குழாய்வரை மெதுவாக நடந்தேன். கேட்டுப் பக்கத்து நான்கு செடிகளும் மொட்டை. நடுவில் இருந்த நான்கும் சுமாராகத் தழைத்திருந்தன. குழாய்ப் பக்கத்து நான்கும் மறுபடி மொட்டை. மொட்டை என்றால் ஒரு இலைகூட இல்லை என்று அர்த்தமில்லை. நுனியில் பத்துக் கொத்து இலை, அதற்குக் கீழே முள் மட்டும். ஒவ்வொரு செடியிலும் இலைக்கொத்துகளை எண்ணி எழுதினேன். கேட்டிலிருந்து முதல் செடியில் பதினொன்று. நடுவில் ஒன்றில் எண்பத்து நான்கு. குழாயை ஒட்டியதில் ஒன்பது.

அப்புறம் கேள்விகள். வெயில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. கிளை நறுக்கும் கவாத்து ஒரே நாளில் செய்தது, உரமும் அப்படியே. உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தன, கரும்புள்ளி இல்லை. வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டி, கடையிலிருந்து கொண்டுபோன லென்ஸால் பார்த்தேன். சிலந்திப்பேன் இருந்தால் தாளில் புள்ளிகள் ஓடும். தூசி விழுந்தது. ஒரு எறும்பு விழுந்து, என்னைத் திட்டாத குறையாக ஓடிப்போனது.

கடைசிக் கேள்வி மண். விரலை இரண்டாவது கணுவரை விட்டேன். கேட்டுப் பக்கத்தில் விரல் பாதிகூட இறங்கவில்லை. மண் பொடிப்பொடியாக, கல்லும் சுண்ணாம்புமாக இருந்தது, கட்டட வேலையில் மிஞ்சியதை அங்கே கொட்டி மூடியிருக்கிறார்கள். குழாய்ப் பக்கத்தில் விரல் தானாகவே உள்ளே போனது. வெளியே இழுத்தபோது சப்பென்று சத்தம் கேட்டது. முகர்ந்து பார்த்தேன். ஊறிப்போன துணியின் வாடை.

இரண்டு ஓரமும் பார்க்க ஒரே மாதிரி. காரணம் நேர் எதிர். ஒரு பக்கம் வேர் தாகத்தில் இலையை விடுகிறது, இன்னொரு பக்கம் மூச்சு முட்டி இலையை விடுகிறது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன்.

சந்தேகத்துக்கு ரெஞ்ச் அண்ணனிடமும் கேட்டேன். “இந்தப் பக்கம் பூமிக்கு அடியில பைப் ஏதாவது கசியுதா?”

“போன வருஷம் நானே போட்ட லைனும்மா அது. என் ஜாயிண்ட்ல எறும்புகூட நுழையாது. இது பள்ளம். ஊத்தற தண்ணியெல்லாம் ஓடி வந்து இங்க நிக்குது, அவ்வளவுதான்.”

பள்ளம்தான். கண்ணுக்கே தெரிந்தது. நோட்டில் ‘பள்ளம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் மூன்று வரி எழுதினேன். செடி 1 முதல் 4 வரை: தினமும் இரண்டு வாளி. 5 முதல் 8 வரை: எப்போதும்போல. 9 முதல் 12 வரை: தண்ணீரே கூடாது. வாயால் விளக்கினால் உளறிவிடுவேன், சித்தி நடுவில் ஒரு கேள்வி கேட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும் என்று பயந்துதான் தாளில் எழுதினேன். 

சித்தி தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். “அதுங்களுக்கு நம்பரா? ஜெயில்ல போட்டுட்டியாடி?”

“அப்பத்தான் குழப்பம் வராது சித்தி.”

“என்ன சீக்குன்னு சொல்லேன்.”

“சீக்கெல்லாம் இல்ல, தண்ணிதான். தாள்ல இருக்கறபடி செஞ்சா போதும். பதினஞ்சு நாள்ல தளிர் வரும்.”

சித்தி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “என் வழியில பாத்தாச்சு, இங்க வந்து நிக்குது. உன் வழியிலயும் பாப்போம்.”

முதல் வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வந்தபோது சித்தி காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நோட்டு, ஒண்ணு ரெண்டு மூணெல்லாம் ஏற்கெனவே சொதசொதன்னு இருக்குடி. அதுக்குப் போயி ரெண்டு வாளியா?”

“ரெண்டு வாளி ஊத்தினா அப்படித்தான் இருக்கும். வேர்வரைக்கும் இறங்கணும்ல.”

“கடைசியில இருக்கற நாலும் தலை தொங்குது.”

“அது நல்லதுதான். மண்ணு காயுதுன்னு அர்த்தம்.”

அவர் கை நின்றது. “எனக்கு என்னமோ மனசு ஒப்பல. கடைசிக்கு ஒரு வாளி ஊத்திடட்டுமா?”

“நடுவுல எதையும் மாத்தாதீங்க சித்தி. மாத்தினா எதனால சரியாச்சுன்னே தெரியாமப் போயிடும்.”

இந்த வாக்கியம் வகுப்பில் கேட்டது. எழுதி வைத்திருந்தேன். என் வாழ்நாளில் சந்தேகமே இல்லாமல் நான் சொன்ன வாக்கியங்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. சித்தி ‘ஏற்கெனவே’ என்று சொன்ன சொல் என் காதில் விழுந்தும் விழவில்லை.

இரண்டாவது ஞாயிறு கடையில் சரக்கு சரிபார்க்கும் நாள். போக முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு சித்தியும் நானும் சேர்ந்தே போனோம். தலைவர் வர இன்னும் மூன்று நாள்.

கேட்டைத் தாண்டியதும் என் கால் நின்றுவிட்டது. முதல் இரண்டு செடிகள் குச்சியாக நின்றன. தண்டில் நகத்தால் கீறினேன், உள்ளே பச்சை இல்லை, பழுப்பு. மூன்றாவதும் நான்காவதும் கருகிய இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஓடாத குறையாகக் குழாய்ப் பக்கம் போனேன். அங்கே பாத்தி முழுக்கச் சேறு, பாசி பிடித்திருந்தது. குழாயை ஒட்டிய செடியில் இரண்டே இலைக்கொத்து. நடுவில் இருந்த நான்கு மட்டும் ஒன்றும் தெரியாததுபோலத் தழைத்திருந்தன.

தாளில் எழுதியதை நினைவுபடுத்திப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மண்ணைத் தவறாகப் படித்துவிட்டேனா? மறுபடி கரும்புள்ளி தேடினேன், வெள்ளைத் தாளில் கிளையைத் தட்டினேன், இலைக்கொத்துகளை எண்ணினேன். சித்தி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் கேட்டேன்.

“சித்தி, ஒண்ணாம் நம்பருக்கு இன்னிக்கு ஊத்தணுமே, ஊத்திடறீங்களா?”

சித்தி வாளியில் தண்ணீர் பிடித்தார். குழாயிலிருந்து இரண்டு எட்டு வைத்தார். குழாயை ஒட்டிய செடியின் மேல், சேற்றில், வாளியைச் சாய்த்தார்.

நான் வாயைத் திறந்து மூடினேன்.

“என்னடி அப்படிப் பாக்கறே?”

“சித்தி, அது பன்னெண்டு.”

“எது பன்னெண்டு? இது ஒண்ணு.” காலி வாளியாலேயே சுட்டிக் காட்டினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒன்பது வருஷமா குழாய்லேருந்துதானே வாளியைத் தூக்கிட்டு வர்றேன். எங்கேருந்து எண்ணுவேன்?”

“நான் கேட்லேருந்து எண்ணினேன்.”

சித்தி வாளியைக் கீழே வைத்தார். அது சேற்றில் சாய்ந்து விழுந்தது, எடுக்கவில்லை. அவர் கண் குழாயிலிருந்து கேட்டுவரை போய்த் திரும்பி வந்தது.

கண்ணாடிக் கடையில் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் ஒன்று உண்டு. வலது என்று சீட்டில் எழுதினால் அது எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது, உன்னுடைய வலது அல்ல. இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவை அப்படி எழுதுகிறேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

“அப்பவே சொன்னேன்,” என்றார் சித்தி. குரல் உயரவில்லை.

“சொன்னீங்க.”

“நீ என்ன சொன்னே?”

“நடுவுல மாத்தாதீங்கன்னு சொன்னேன்.”

“அதான். கிட்டத்துல இருக்கறதுக்குத்தான் ரெண்டு வாளின்னதும், பரவால்ல, நம்ம முட்டியை நினைச்சுத்தான் எழுதியிருக்காளோன்னு இருந்தேன்.”

இதைவிட என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சத்தம் கேட்டு மோட்டார் அறையிலிருந்து ரெஞ்ச் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டார், பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “விடுக்கா. கடையில பிளாஸ்டிக் இலை கொத்துக் கொத்தா விக்குது. வாங்கிக் கட்டி விட்டுடலாம். தலைவர் என்ன மோந்தா பாக்கப் போறார்?”

சித்தி ஒரு கணம் அதையும் யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

அன்று மதியம்வரை வேலை செய்தோம். கேட்டுப் பக்கத்துக்கு நான் வாளி சுமந்தேன். மண் தண்ணீரைக் குடிக்கவே பயந்ததுபோல மேலேயே உருட்டிவிட்டது. சிறுகச் சிறுக ஊற்றி, உதிர்ந்த சருகை அடியில் பரப்பினேன். குழாய்ப் பக்கத்தில் நீர் வடிய வேண்டும் என்று குழாயை ஒட்டிய இரண்டு செடிகளுக்கு நடுவே முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் தண்ணீர் ஊறிச் சாண் உயரத்துக்கு வந்து நின்றது. நான் ஒரு குச்சியில் பேனாவால் கோடு போட்டுச் செருகினேன். தினமும் எவ்வளவு வடிகிறது என்று பார்க்க.

“இனிமே இதுக்கு ஒரு சொட்டு ஊத்தாதீங்க சித்தி.”

“இதுன்னா எது? கையை வெச்சுக் காட்டு.”

கையை வைத்துக் காட்டினேன்.

எனக்குத் தெரிந்த கணக்கில் தளிர் வர இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். புதன்கிழமைக்குள் ஒன்றும் நடக்காது. இதைச் சித்தியிடம் நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும், அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை சித்தி வந்ததும் கேட்டேன். “குச்சி?”

“அதே கோடுதான்.”

“கொஞ்சம்கூடக் குறையலையா?”

“நீ போட்ட கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது.”

களிமண் என்றால் மெதுவாகத்தான் வடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் வெயிலுக்கு ஒரு நூல் அளவாவது குறைந்திருக்க வேண்டும். இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நோட்டைப் பிரித்து, காலையில் குழியைக் காலி செய்துவிட்டுப் பார்க்கவும் என்று எழுதினேன். பிறகு எழுதியதை மடித்து வைத்துவிட்டு வாயால் சொன்னேன். எந்தக் குழி, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று மூன்று தடவை சொன்னேன்.

“எனக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்டி,” என்றார் சித்தி. “எண்ணத்தான் தெரியாது.”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. ஒருவரின் மூக்கில் அளவுகோல் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்தேன்.

“எட்டு மணிக்குச் சொம்பால மொண்டு காலி பண்ணினேன். தரை தெரிஞ்சுது. இப்ப வந்து பாக்கறேன், அதே கோடு.”

“யாராவது ஊத்தினாங்களா?”

“யாரு ஊத்துவா? நான் இங்கயேதான் உக்காந்திருந்தேன்.”

மழை இல்லை, குழாய் சொட்டவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு குழி தானாக நிரம்பியிருக்கிறது, அடியில் பைப் கசிந்தால்தான் அப்படி. பள்ளம் என்று அடிக்கோடு போட்டு எழுதியது என் கண்முன் வந்தது. என் தாளைச் சரியாகப் புரிந்துகொண்டு அந்த நான்குக்கும் பதினைந்து நாள் தண்ணீர் விடாமல் இருந்திருந்தால், மண் காயவே இல்லை என்பது முதல் வாரமே தெரிந்திருக்கும். என் தவறு இன்னொருவரின் தவறையும் மூடி வைத்திருந்தது.

“ரெஞ்ச் அண்ணன்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். உன் செடி போனதுக்கு என் பைப்புதான் கிடைச்சுதான்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறான்.”

“மேனேஜர்கிட்ட?”

“கிட்டப் போனேன். நாளைக்குக் கல்லு பதிக்க ஆள் வர்றாங்க, ஓரமா நில்லுங்கன்னுட்டார்.”

“நான் நாளைக்கு வர்றேன் சித்தி. நடந்ததைச் சொல்லிடறேன்.”

“வேண்டாம். வெளியாள் பேச்சைக் கேட்டுச் செடியைக் கெடுத்தாள்னு ஆகும். தானா கெட்டுதுன்னா பாவம்னாவது நினைப்பாங்க.”

அவர் சொன்னது சரிதான். உண்மையைச் சொன்னால் சித்திக்கு இன்னும் கெடுதல் வரலாம். சொல்லாவிட்டால் நாளைக்குக் கல் விழும், கசிவு கல்லுக்கு அடியில் போய்விடும், தோட்டக்காரியின் கவனக்குறைவு என்று ஒரு வரியோடு கோப்பு மூடப்படும். அளவெடுத்துக்கொண்டிருந்தவர் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு நான் எடுத்த அளவை மூன்று தடவை சரிபார்த்தேன்.

புதன்கிழமை கடையில் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்கு அங்கே போய்விட்டேன். தலைவர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே கற்கள் அடுக்கிய வண்டி நின்றது. உள்ளே கடப்பாரையோடு இரண்டு பேர். சித்தி பாத்தி ஓரமாக, பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த பிள்ளைபோல நின்றார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார்.

“கேட் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க.”

“சார், ஒரு நிமிஷம்.”

திரும்பினார். “நீங்க யாரு?”

“அவங்க அக்கா பொண்ணு. இந்தச் செடிங்க இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம்.”

சித்தி கண்ணாலேயே என்னைப் போகச் சொன்னார். ஞாயிறன்று அவரிடம் திரும்ப வாங்கி வைத்திருந்த தாளை நான் நீட்டினேன். சித்தியின் இடுப்பிலேயே பதினைந்து நாள் இருந்து நான்காக மடிந்த இடத்தில் கிழிந்திருந்தது. எங்கிருந்து எண்ணினேன், அவர் எங்கிருந்து எண்ணினார், அவர் தடுத்தபோது நான் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவசரத்தில் உளறியதால் சில வரிகளை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ, ஆபீஸ் தோட்டத்துக்கு வெளியிலேருந்து ஒருத்தர் உத்தரவு போட்டிருக்கார். இவங்களும் ஒன்பது வருஷ அனுபவத்தை மூட்டை கட்டி வெச்சிட்டு அதைக் கேட்டிருக்காங்க. இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?” தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

சித்தி பயந்தது இதைத்தான். கடப்பாரைக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கினார்.

“இல்ல சார். கேட் பக்கம் நாலும் இப்படிக் காஞ்சது என் தப்பு. குழாய்ப் பக்கம் நாலும் என் தாளுக்கு முன்னாடியே மொட்டையாத்தான் இருந்துது. அது ஏன்னு காட்டறேன். ரெண்டு நிமிஷம் போதும்.”

அவர் வருவாரா என்று பார்க்காமல் குழிக்கு நடந்தேன். பார்த்திருந்தால் நடந்திருக்க மாட்டேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

குச்சியைக் காட்டினேன், நோட்டைப் பிரித்து ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நேரத்தோடு எழுதியதைக் காட்டினேன். சித்தி மண்டியிட்டார். முட்டி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு சொம்பால் குழியை மொண்டு வெளியே ஊற்றினார். தரை தெரிந்தது. நாங்கள் நின்று பார்த்தோம். குழியின் குழாய்ப் பக்கத்துச் சுவரிலிருந்து, விரல் தடிமனுக்கு, தண்ணீர் வழிந்து இறங்கியது. சேற்றுத் தண்ணீர் இல்லை, தெளிந்த தண்ணீர்.

மேனேஜர் குனிந்து அதில் விரலை நனைத்தார். “நம்ம தண்ணியா இது?”

நிமிர்ந்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

“ரெஞ்சைக் கூப்பிடுங்க.”

ரெஞ்ச் நீளமான இரும்புக் கம்பியோடு வந்தார். ஒரு முனையைக் குழாய் போகிற தடத்தில் மண்ணுக்குள் குத்தி, இன்னொரு முனையைக் காதில் வைத்துக்கொள்வார்கள். கசிந்தால் கம்பி வழியாகச் சத்தம் வரும். முதல் இடத்தில் குத்திக் கேட்டார், இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டு எட்டு தள்ளிக் குத்தினார். அங்கே ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்று எனக்கே தெரிந்தது. மேனேஜர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து அடிக்க ஐந்து நிமிடம். ‘ஒண்ணுமில்ல சார், பள்ளம்’ என்று ரெஞ்ச் சொன்னால் அதோடு எல்லாம் முடிந்தது. அந்தக் கம்பியைக் கேட்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த கிழிந்த தாளையும் பார்த்தார்.

“லீக்குதான் சார். நான் போட்ட ஜாயிண்ட்.”

“எத்தனை நாளா?”

“தெரியாது சார். பாசியைப் பார்த்தா பல மாசம் இருக்கும்.”

மேனேஜர் கொஞ்ச நேரம் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அலுவலகத்தின் முற்றத்திலேயே, தண்ணீர் அலுவலகத்தின் குழாய். பிறகு பேச்சே வேறு மாதிரி ஆனது. கல் வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னார். கடப்பாரைக்காரர்களைக் குழாய்த் தடத்தைத் தோண்டச் சொன்னார். ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்ற பலகை ஒன்று எங்கிருந்தோ வந்து பாத்திக்கு முன்னால் நின்றது. தலைவர் இறங்கினால் வேலை நடப்பதைப் பார்ப்பார், வேலை நடப்பது தப்பில்லை.

உள்ளே போகப் போனவர் சித்தியிடம் நின்றார். “குழாய்ப் பக்கம் நாலுக்கும் நீங்க பொறுப்பில்ல. சரி. கேட் பக்கம் நாலு?”

நான் வாயெடுப்பதற்குள் சித்தி சொன்னார். “அது எங்க வீட்டு விவகாரம் சார். நான் பாத்துக்கறேன்.”

“ஆறு மாசத்துக்குக் கையெழுத்துப் போடறேன். அதுக்குள்ள இலையைப் பாக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க இனிமே இந்தக் கேட்டுக்குள்ள வரக் கூடாது. நோட்டும் வரக் கூடாது.”

அவர் சொன்னது என் நோட்டுப் புத்தகத்தை. சித்தி என் பெயர் என்று நினைத்து ஒரு கணம் சிரித்துவிட்டார். இரண்டரை வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வாசல்வரை சித்தி கூடவே வந்தார். கேட்டிலிருந்து முதல் இரண்டு செடிகளின் முன்னால் நின்றோம். “இது ரெண்டும் தேறாது,” என்றார். “போறதுக்கு முன்னாடி நீயே பிடுங்கிப் போட்டுட்டுப் போ.” பிடுங்கினேன். காய்ந்த மண் எதிர்ப்பே காட்டாமல் விட்டுக்கொடுத்தது. முள் இரண்டு இடத்தில் கிழித்தது.

அதன் பிறகு நான் அந்தச் செடிகளைப் பார்க்கவில்லை. வகுப்பில் கொடுக்க வேண்டிய பாத்தி அறிக்கையில், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் செடியைப் பார்க்க வழியில்லாததால் அது அரைப் பக்கத்தோடு நின்றது.

பதினெட்டாவது நாள் மாலை சித்தி வந்து, செருப்பைக் கழற்றியபடியே இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அலுவலகப் படிவம் ஒன்றின் பின்பக்கம். கோணல் மாணலான கையெழுத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டது: குழாய்ப் பக்கத்திலிருந்து. அதற்குக் கீழே ஒன்று, தளிர் மூணு. இரண்டு, தளிர் ஒண்ணு. மூன்றும் நான்கும் கணு புடைச்சிருக்கு, இலை இன்னும் இல்ல. ஐந்து முதல் எட்டு, நல்லாருக்கு. ஒன்பது, சந்தேகம். பத்து, அடியில சிவப்பா ஒரு முளை. பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதி எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

நோட்டைப் பிரித்து அதே வரிசையில், மேலே இருந்த வரியையும் சேர்த்து, எழுதிக்கொண்டேன். ஒன்பதாவதுக்கு என்ன சந்தேகம் என்று சித்தியிடம் கேட்டேன்.

“நகத்தால கீறிப் பாத்தேன். பச்சை மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு,” என்றார். “நாளைக்கு மறுபடி பாத்துட்டு வந்து சொல்றேன். உன் லென்ஸைக் குடு.”